கருத்துக்கேட்பு இல்லாத யுரேனியம்: நிலமில்லாதவர் எங்கே போய்ப் பேசுவது?

2025 செப்டம்பர் 8 அன்று ஒன்றிய சுற்றுச்சூழல் அமைச்சகம் ஓர் அலுவலகக் குறிப்பாணையை வெளியிட்டது. நாடாளுமன்றத்தில் வைத்து விவாதித்த சட்டம் எதுவும் இல்லை, ஓர் அதிகாரியின் கையெழுத்தோடு வந்த காகிதம் அது. யுரேனியம், தோரியம் உள்ளிட்ட அணுக் கனிமங்களுக்கும், 'முக்கியமானவை' என்று 2023இல் பட்டியலிடப்பட்ட 24 கனிமங்களுக்கும் சுரங்கம் தோண்டுவதற்கு இனிப் பொதுமக்கள் கருத்துக்கேட்பு தேவையில்லை என்று அந்தக் காகிதம் சொல்கிறது. பாதுகாப்புத் துறையும் அணுசக்தித் துறையும் கேட்டனவாம், கொடுத்துவிட்டார்கள். காரணம், தேசப் பாதுகாப்பு.

இதைச் சூழலியலாளர்கள் சூழலியல் பிரச்சினையாக எழுதினார்கள். மாநில உரிமை பேசுபவர்கள் மாநில உரிமைப் பிரச்சினையாக எழுதினார்கள். இரண்டும் சரிதான். ஆனால் அந்தக் காகிதம் பறித்த பொருள் யாருடையது என்ற கேள்வியை அதிகம் பேர் கேட்கவில்லை. அது நிலமில்லாதவர்களுடையது என்பது எங்கள் கருத்து.

முதலில் யுரேனியத்தை எங்கே தேடுகிறார்கள் என்று பார்ப்போம். அரசு ஆவணங்களில் திரும்பத் திரும்ப வரும் ஒரு சொல் 'தொலைதூரப் பகுதி'. மேகாலயாவின் தென்மேற்கு காசி மலையிலுள்ள டோமியாசியாட் தொலைதூரம். தெலங்கானாவின் நல்லமலைக் காடு தொலைதூரம். ஜார்க்கண்டின் ஜாதுகுடாவும் ஒரு காலத்தில் தொலைதூரம்தான். எங்கிருந்து தொலைவு? டில்லியிலிருந்தும் மும்பையிலிருந்தும் தொலைவு. அங்கேயே பிறந்து அங்கேயே சாகிறவருக்கு அவர் வீடு எப்படித் தொலைவாகும்? இந்த அளவுகோலைச் சேரிக்காரர்களுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. ஊரிலிருந்து அளந்து 'வெளியே' என்று பெயர் வைத்து, செத்த மாட்டையும் சாக்கடையையும் குப்பைக் கிடங்கையும் அங்கே தள்ளுகிற பழக்கம் இந்த நாட்டில் அணுசக்தித் துறை பிறப்பதற்கு நெடுங்காலம் முன்பே இருக்கிறது.

இன்னொரு சொல் 'ஆழமற்ற படிவு'. டோமியாசியாட்டில் 1980களில் அணுக் கனிமங்கள் இயக்குநரகம் கண்டுபிடித்தது இந்த வகைதான். மணற்பாறையில், தரையிலிருந்து சில பத்து மீட்டருக்குள்ளேயே யுரேனியம் கிடக்கிறது. சுரங்கத் துறைக்கு இது நல்ல செய்தி. சுரங்கப்பாதை குடைய வேண்டாம், மேல் மண்ணைச் சுரண்டிவிட்டுத் திறந்தவெளியில் அள்ளிக்கொள்ளலாம், செலவு குறைவு. அந்த மண்ணின் மேல் வாழ்கிறவருக்கு இதே செய்தி வேறு மாதிரி கேட்கும். அகற்றப்படும் மேல் மண்தான் அவருடைய வயலும் காடும் ஊற்றும். ஆழச் சுரங்கம் என்றால் ஊருக்குக் கீழே ஓடும். ஆழமற்ற சுரங்கத்துக்கு ஊரே இடம் விட வேண்டும்.

மீதி என்ன ஆகிறது என்பதையும் சொல்ல வேண்டும். இந்தியாவில் கிடைக்கும் யுரேனியத் தாது பெரும்பாலும் தரம் குறைந்தது. ஜாதுகுடா தாதுவில் ஆயிரம் கிலோ பாறையை அரைத்தால் ஒரு கிலோ யுரேனியம்கூடத் தேறாது. மற்றதெல்லாம் அரைத்த மாவாக, அமிலமும் சுண்ணாம்பும் கலந்த சேறாக, கழிவுக் குட்டைக்குப் போகிறது. யுரேனியத்தை எடுத்துவிட்ட பிறகும் தாதுவிலிருந்த கதிரியக்கத்தில் சுமார் 85 விழுக்காடு அந்தச் சேற்றிலேயே தங்கிவிடும். அதிலுள்ள ரேடியம் பாதியாகக் குறைய 1,600 ஆண்டுகள் ஆகும். தோரியம்-230 பாதியாக 75,000 ஆண்டுகள். இப்படி ஒரு குட்டையை, உலகிலேயே அதிக மழை பெய்யும் சிரபுஞ்சியும் மௌசின்ராமும் இருக்கிற அதே காசி மலையில் கட்டி, அது கசியாது என்று உத்தரவாதம் கொடுக்கத் துணிகிறார்கள். அந்தப் பகுதியின் கின்ஷி ஆறு கீழே வங்கதேசத்துக்குள் ஜாதுகாட்டா என்ற பெயரோடு நுழைகிறது. அந்தக் கரையில் இருப்பவர்களிடம் எந்தக் குறிப்பாணையும் எதையும் கேட்கப்போவதில்லை.

டோமியாசியாட்டில் நடந்ததைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அங்கே ஸ்பெலிட்டி லிங்டோ லாங்ரின் என்று ஒரு மூதாட்டி இருந்தார். யுரேனியம் கிடக்கும் நிலத்தில் பெரும் பகுதி அவருடையது. காசி சமூகத்தில் பெண் வழியாகத்தான் குலமும் சொத்தும் போகின்றன. 30 ஆண்டுக் குத்தகைக்குக் கோடிக்கணக்கில் தருகிறோம் என்று இந்திய யுரேனியம் கழகம் கேட்டது. அவர் மறுத்துவிட்டார். கையெழுத்துப் போட்டால் தன் சுதந்திரம் போய்விடும் என்பதுதான் அவர் சொன்ன காரணம். 2020இல், 90 வயதைத் தாண்டி, அதே மண்ணில் இறந்தார். காசி மாணவர் சங்கம் பல ஆண்டுகள் தெருவில் நின்றது. 2009இல் மாநில அரசு 422 ஹெக்டேரைச் சுரங்கத்துக்கு முந்தைய 'வளர்ச்சிப் பணிகளுக்கு' என்று குத்தகைக்குக் கொடுக்க முடிவெடுத்தது. 2016இல் அதைக் கைவிட்டது. இன்றுவரை சுரங்கம் இல்லை.

அந்த 2009 முடிவில் எங்களை உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. சாலை, பள்ளிக்கூடம், மருத்துவமனை எல்லாம் யுரேனியம் கழகம் கட்டித் தரும் என்றார்கள். சாலையும் பள்ளியும் மருத்துவமனையும் அந்த மக்களுக்கு அரசு கொடுத்தே தீர வேண்டியவை. அவற்றை அறுபது ஆண்டுகள் கொடுக்காமல் வைத்திருந்து, காலடியில் யுரேனியம் இருப்பது தெரிந்ததும் விலையாக நீட்டுகிறார்கள். சுடுகாட்டுப் பாதைக்காக மனுக் கொடுத்துக் கொடுத்து ஓய்ந்த எந்தச் சேரிக்கும் இந்த வியாபாரத்தின் சூது புரியும்.

ஸ்பெலிட்டி அம்மையாரின் கதையைப் படிக்கிற யாருக்கும் நெஞ்சு நிமிரும். எங்களுக்கும் நிமிர்ந்தது. கூடவே ஒரு கேள்வியும் வந்தது. அவரால் மறுக்க முடிந்ததற்கு அவருடைய உறுதியோடு இன்னொன்றும் காரணம்: மறுப்பதற்கு அவரிடம் நிலம் இருந்தது. ஆறாவது அட்டவணையின் கீழ் தன்னாட்சி மாவட்டக் குழு இருந்தது. குலத்தின் நிலவுரிமையை மதிக்கும் வழக்கம் இருந்தது. அவர் கையெழுத்து இல்லாமல் எதுவும் நகராது என்ற நிலை இருந்தது. அதே யுரேனியம் ஒரு பண்ணையாரின் நிலத்துக்கடியில் இருந்து, அந்தப் பண்ணையில் கூலிக்குப் போகிற நாற்பது தலித் குடும்பங்கள் பக்கத்தில் இருந்தால்? பண்ணையார் கையெழுத்துப் போடுவார், பணத்தை வாங்கிக்கொண்டு நகரத்துக்குப் போவார். கூலியும் குடிதண்ணீரும் இழந்தவரின் கையெழுத்தை யாரும் கேட்கப்போவதில்லை. 2013ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தல் சட்டம் கூலிகளையும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்று சொல்கிறதே என்பார்கள். சொல்கிறது. மூன்று ஆண்டுகள் அந்த நிலத்தை நம்பி வாழ்ந்ததைக் காட்ட வேண்டும். கூலிக்கு எந்தப் பண்ணையார் ரசீது கொடுத்தார்?

2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி நாட்டின் சாகுபடி நிலப்பரப்பில் பட்டியல் சாதியினர் கையில் இருப்பது 9 விழுக்காட்டுக்கும் குறைவு. மக்கள்தொகையில் நாம் 16.6 விழுக்காடு. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் இருக்கிறவர்களுக்குத் திட்டத்தை எதிர்க்கச் சட்டத்தில் இருந்த இடம் எது என்று தேடினால், கருத்துக்கேட்புக் கூட்டம்தான் கிடைக்கிறது.

2006 சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையைப் பிரித்துப் பாருங்கள். கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்னதாக அறிவிப்புத் தர வேண்டும். மாவட்ட ஆட்சியரோ, அவர் சார்பில் கூடுதல் ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரியோ தலைமை ஏற்க வேண்டும். முழுவதையும் ஒளிப்பதிவு செய்ய வேண்டும். பேசியதன் சுருக்கத்தை முடிவில் அந்த வட்டார மொழியில் வாசித்துக் காட்ட வேண்டும். பட்டா கேட்கவில்லை. சிட்டா கேட்கவில்லை. பாதிக்கப்படும் பகுதியில் வாழ்கிறவராக இருந்தால் போதும், எழுந்து பேசலாம்.

கிராமசபை இருக்கிறதே, அது போதாதா என்று நண்பர்கள் சிலர் கேட்கிறார்கள். கிராமசபை வேண்டும், அதற்காகவும் சண்டை போடுவோம். ஆனால் கிராமசபை ஊருக்குள் நடப்பது. 2020இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தேர்ந்தெடுக்கப்பட்ட பட்டியல் சாதி ஊராட்சித் தலைவரையே தரையில் உட்காரவைத்த படத்தை நாடே பார்த்தது. தலைவருக்கே அந்தக் கதி என்றால் கூலிக்காரர் அங்கே எழுந்து பண்ணையாரின் குத்தகைக்கு எதிராகப் பேசிவிடுவாரா? கருத்துக்கேட்புக் கூட்டத்தில் தலைமை ஊராரிடம் இல்லை. ஆட்சியர் முன்னால், கேமரா முன்னால், பண்ணையார் பிடித்த அதே மைக்கை அடுத்து அவர் வீட்டில் சாணி அள்ளுகிற பெண் பிடிக்கலாம். இருவர் பேச்சும் ஒரே அறிக்கையில் ஏறும். இந்த நாட்டுக் கிராமத்தில் இப்படி ஓர் ஏற்பாடு எத்தனை இடத்தில் இருக்கிறது?

அந்தக் கூட்டங்கள் பெரும்பாலும் நாடகமாகத்தான் நடந்தன என்பது உண்மை. ஆயிரம் பக்க ஆங்கில அறிக்கை, கூலி கொடுத்துக் கூட்டிவந்த கூட்டம், வாசலில் போலீஸ், எதிர்த்துப் பேசினால் மைக் நிற்பது எல்லாம் உண்டு. டோமியாசியாட்டிலும் 2007இல் பெரும் எதிர்ப்புக்கு நடுவில் கூட்டம் நடத்தி, அதே ஆண்டு இறுதியில் சுற்றுச்சூழல் அனுமதியும் கொடுத்தார்கள். ஆகவே கூட்டம் நடந்தால் திட்டம் நின்றுவிடும் என்று நாங்கள் சொல்ல வரவில்லை. கூட்டம் நடந்தால் ஒரு தேதி கிடைக்கிறது. அந்தத் தேதிக்கு முன் ஊர் ஊராகப் போகலாம், அறிக்கையைப் படித்துச் சொல்லலாம், ஆட்களைத் திரட்டலாம். பேசியது பதிவாகிறது, பிறகு வழக்குப் போட ஆவணம் ஆகிறது. தெலங்கானாவின் நல்கொண்டா மாவட்டத்தில், நாகார்ஜுனசாகர் நீர்த்தேக்கத்துக்குப் பக்கத்தில், லம்பாப்பூர்–பெத்தகட்டு யுரேனியத் திட்டத்துக்கு 2003இல் கருத்துக்கேட்பு நடந்தது. லம்பாடா தாண்டாக்களின் மக்களும் நல்கொண்டா, ஹைதராபாத் இயக்கங்களும் அங்கே எதிர்த்தார்கள். 20 ஆண்டுகளுக்கு மேலாகியும் அங்கே சுரங்கம் வரவில்லை.

கேட்காமலே திறந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஜாதுகுடா இருக்கிறது. 1967இல் இந்திய யுரேனியம் கழகம் தொடங்கப்பட்டபோது கருத்துக்கேட்பு என்ற சட்டமே கிடையாது. அது வந்தது 1997இல். சந்தால், ஹோ ஆதிவாசிகளின் கிராமங்களை ஒட்டியே கழிவுக் குட்டைகளைக் கட்டினார்கள். 1996இல் புதிய குட்டைக்காகச் சாட்டிகோச்சா கிராமத்தில் வீடுகளை இடித்தார்கள். 2006 டிசம்பரில் கழிவுக் குழாய் உடைந்து ஓடையில் சேறு பாய்ந்தது. 2007இல் அமைதிக்கும் வளர்ச்சிக்குமான இந்திய மருத்துவர்கள் அமைப்பு, சுரங்கத்தை ஒட்டிய கிராமங்களையும் தொலைவிலுள்ள கிராமங்களையும் ஒப்பிட்டு ஓர் ஆய்வு செய்தது. பிறவிக் குறைபாடுகளும் குழந்தைப்பேறின்மையும் சுரங்கத்தை ஒட்டிய ஊர்களில் கூடுதல் என்று சொன்னது. யுரேனியம் கழகம் இதை ஏற்கவில்லை, கதிரியக்கத்துக்கும் இதற்கும் தொடர்பில்லை என்கிறது. அதற்கு முன்பே, 2004இல், அணுசக்தி ஆணையத்தின் உறுதிமொழியை ஏற்று உச்ச நீதிமன்றம் பொதுநல வழக்கைத் தள்ளுபடி செய்துவிட்டது. குற்றம் சாட்டப்படுகிற துறை 'எல்லாம் பாதுகாப்பாக இருக்கிறது' என்று எழுதிக் கொடுத்தால் வழக்கு முடிந்துபோகிற விசித்திரம் வேறு எந்தத் துறைக்கு உண்டு என்று தெரியவில்லை.

ஆந்திராவின் கடப்பா மாவட்டத்தில் துமலப்பள்ளியைப் பாருங்கள். அங்கே 2000களில்தான் சுரங்கம் வந்தது, சட்டங்களெல்லாம் இருந்த காலம். கழிவுக் குட்டையைச் சுற்றியுள்ள விவசாயிகள் ஆழ்துளைக் கிணற்று நீர் கெட்டு வாழை கருகுகிறது என்று புகார் செய்தார்கள். குட்டையின் அடியில் போட வேண்டிய தடுப்பு விதிப்படி இல்லை என்று மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே 2018இல் நோட்டீஸ் அனுப்பியது.

'இப்போது ஆய்வுதானே செய்கிறோம், சுரங்கமா தோண்டுகிறோம்' என்பது அடுத்த வாதம். நல்லமலையில் இதைத்தான் சொன்னார்கள். அம்ராபாத் புலிகள் காப்பகத்துக்குள் 83 சதுர கிலோமீட்டரில் யுரேனியம் தேட, 2019 மே மாதம் ஒன்றிய அரசின் வன ஆலோசனைக் குழு கொள்கையளவில் ஒப்புதல் தந்தது. சுமார் 4,000 துளைகள் போடுவதாகத் திட்டம். அந்தக் காட்டில் செஞ்சுகள் இருக்கிறார்கள், தேன் எடுத்து, கிழங்கு தோண்டி வாழ்கிறவர்கள். புலிக்கு இடைஞ்சல் என்று சொல்லி அவர்களைக் காட்டைவிட்டு வெளியே வரச் சொல்லிக்கொண்டிருக்கிற அதே அரசு, துளைபோடும் இயந்திரத்தை மட்டும் உள்ளே அனுப்பத் தயாரானது. தேன் எடுக்கிறவர் மரம் ஏறினால் புலி பயந்துவிடும், ரிக் வண்டி ஓடினால் பயப்படாது போலிருக்கிறது.

ஒவ்வொரு துளைக்கும் வண்டி போகப் பாதை வேண்டும், பாதைக்கு மரம் வெட்ட வேண்டும். சரியாக அடைக்காத துளை, மேலேயுள்ள நல்ல நீரையும் கீழேயுள்ள யுரேனியப் பாறை நீரையும் சேர்த்துவிடும். துளை போட்டுக் கோடிகளைச் செலவழித்த பிறகு 'இங்கே வேண்டாம்' என்று திரும்பிப் போகிற துறையை யார் பார்த்திருக்கிறார்கள்? நல்லமலை மக்கள் இதைப் புரிந்துகொண்டு கடையடைப்பு நடத்தினார்கள். திரை நட்சத்திரங்கள் ட்விட்டரில் எழுதினார்கள், அதன் பிறகு பெரிய ஊடகங்களும் திரும்பிப் பார்த்தன. 2019 செப்டம்பரில் தெலங்கானா சட்டமன்றம் யுரேனியச் சுரங்கத்துக்கு எதிராகத் தீர்மானம் போட்டது.

அதற்கு ஒன்றிய அரசின் பதில் என்ன தெரியுமா? 2023இல் வனப் பாதுகாப்புச் சட்டத்தைத் திருத்தினார்கள். அதன்படி கனிமத் தேடலும் துளைபோடுவதும் இனி, ஒன்றிய அரசு விதிக்கும் நிபந்தனைகளுக்கு உட்பட்டு, 'காடல்லாத பயன்பாடு' என்ற கணக்கிலேயே வராது. அதாவது தேடும் கட்டத்தில் காட்டுச் சட்டத்தின் கதவு திறந்துவிட்டது. தோண்டும் கட்டத்தில் கருத்துக்கேட்பும் 2025 செப்டம்பர் காகிதத்தோடு போனது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் படம் முழுமையாகும்.

உலகம் முழுக்க இந்தத் தொழில் இப்படித்தான் நடந்திருக்கிறது. அமெரிக்காவில் 1944 முதல் 1986 வரை நவாஹோ பழங்குடியினரின் நிலத்திலிருந்து சுமார் 3 கோடி டன் யுரேனியத் தாதுவை எடுத்தார்கள். கைவிடப்பட்ட 500க்கும் மேற்பட்ட சுரங்கங்கள் இன்னும் அங்கே கிடக்கின்றன. 1979 மார்ச்சில் திரீ மைல் ஐலண்ட் அணு உலை விபத்து நடந்தது, உலகமே அதைப் பேசியது. அதே ஆண்டு ஜூலையில் நவாஹோ நிலத்தை ஒட்டிய சர்ச் ராக்கில் கழிவுக் குட்டையின் கரை உடைந்து, 30 கோடி லிட்டருக்கும் அதிகமான கதிரியக்க நீர் புவெர்கோ ஆற்றில் பாய்ந்தது. வெளியான கதிரியக்கம் மார்ச் விபத்தைவிட அதிகம் என்கிறார்கள். அதைப் பேசியவர்கள் குறைவு. ஆடு மேய்க்கிறவர்களின் ஆறுதானே.

மின்சாரம் வேண்டாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டும். எங்கள் தெருவிளக்குகள் பாதி நாள் எரிவதில்லை, எங்களுக்குத்தான் முதலில் வேண்டும். 2025 தொடக்கத்தில் 8 கிகாவாட்டைச் சற்றே தாண்டி நின்ற அணுமின் திறனை 2047க்குள் 100 கிகாவாட் ஆக்கப்போவதாக 2025 நிதிநிலை அறிக்கை சொல்கிறது. இதற்கு யுரேனியம் எவ்வளவு வேண்டும், எதற்காகக் கஜகஸ்தானிலிருந்தும் ரஷ்யாவிலிருந்தும் வாங்குவது போதாது என்றெல்லாம் வாதாடட்டும். அந்த வாதத்தைத் துமலப்பள்ளியிலும் டோமியாசியாட்டிலும் வந்து, மக்கள் முன்னால், அவர்கள் மொழியில் சொல்லட்டும் என்பதுதான் கேள்வி. நாட்டுக்கு நல்லது என்றால் நாட்டு மக்களிடம் சொல்ல ஏன் பயம்?

தமிழ்நாட்டில் இருக்கும் நமக்கும் இது அடுத்த வீட்டுக் கதை இல்லை. கன்னியாகுமரி மாவட்டம் கிள்ளியூர் வட்டத்தில் 1,144 ஹெக்டேரில் மோனசைட் உள்ளிட்ட கடற்கரை மணலை எடுக்கும் திட்டம் நிற்கிறது. மோனசைட்டில் இருப்பது தோரியம், அதுவும் அணுக் கனிமம். ஆழமே இல்லை, கடற்கரையிலேயே கிடக்கிறது. 2024 அக்டோபரில் நடக்கவிருந்த கருத்துக்கேட்புக் கூட்டம் மீனவ மக்களின் எதிர்ப்பால் தள்ளிவைக்கப்பட்டது. தள்ளிவைத்த கூட்டத்தை இனி நடத்தாமலே விட்டுவிட இந்தக் குறிப்பாணை வழி செய்கிறது.

குறிப்பாணையைத் திரும்பப் பெறு என்று கட்சிகள் கேட்கின்றன, நாங்களும் கேட்கிறோம். அதோடு தலித் இயக்கங்கள் தனியாக ஒன்றைக் கேட்க வேண்டும். சுரங்கத் திட்டம் எங்கே வந்தாலும், பாதிக்கப்படும் மக்களின் பட்டியலை நிலப் பதிவேட்டிலிருந்து எடுக்கக் கூடாது. வீடு வீடாகப் போய் எடுக்க வேண்டும். யார் எந்த நிலத்தில் கூலி, எந்தக் கிணற்றில் தண்ணீர், எந்தக் காட்டில் விறகு என்று எழுத வேண்டும். அந்தப் பட்டியலில் உள்ளவர்களைத் தனியாகக் கூட்டி, ஆட்சியர் முன்னால் கேட்க வேண்டும். அரசு அதைச் செய்யும்வரை நாமே செய்யலாம். கிள்ளியூர்ப் பக்கம் இருக்கும் தோழர்கள், கடற்கரை ஊர்களில் சொந்த வீடோ படகோ இல்லாமல் மீன் சுமந்தும் வலை பின்னியும் பிழைக்கிறவர்களிடமிருந்து இந்தக் கணக்கைத் தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.